திரைக்குப் பின்னால் ராணி

காலையில் அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே துணிக்கடையின் யூனிபார்ம் சேலையில்.

“ராணியையே திரைக்குப் பின்னாடி நிக்க வச்சிட்டானுங்கடி,” என்றாள் மூத்தவள்.

“எந்த ராணிக்கா?”

“ஃபோன்ல ஒரு கதை படிக்கிறேன்ல, அதுல. ராஜா செத்துட்டான். பொண்ணுக்குப் பட்டம் கட்டுறாங்க. ராஜாவோட தம்பி, தாலியறுத்தவ கிரீடத்தத் தொடக்கூடாதுன்னுட்டான். அவன் பொண்டாட்டிதான் எடுத்து வைக்கிறா. வச்சவதான் இனிமே அந்தப் பொண்ணுக்கு அம்மா மாதிரியாம்.”

“அந்த ராணி போர்ல யாளி மேல ஏறிப் போனவள்னு சொன்னியேக்கா. எதுத்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“கேட்டுட்டு, நாளைக்குப் பொண்ணுக்கு எதனா ஆச்சுன்னா? இவளாலதான்னு சொல்ல மாட்டாங்களா?”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஊர்ந்தது. சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

“நாளைக்கு உன் பொண்ணுக்கு நலங்காச்சே. மொத மஞ்சள் யாரு பூசுவாங்கக்கா?”

“எங்க கொழுந்தனார் பொண்டாட்டி.”

“அப்ப நீ?”

மூத்தவள் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

“வர்றவங்களுக்குக் காபி போட ஆள் வேணாமா?”