நரி வேட்டை ஞாயிறு

— நாலு மாசத்துல என்னைத் தேடி இந்தப் படியேறி வந்த மொத ஆளு நீதான் தம்பி. அழாம யாருன்னு சொல்லு.

— பேரு கஸ்பார்ண்ணே. பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்புல வேலை. வாக்கிடாக்கி ரேடியோவுல 'மின்னல்'னு பேசுவேன்லா.

— மின்னலா! கட்டக் கொரலு, பெரிய மீசைக்காரன்னுல்ல நெனச்சிருந்தேன். நீ சின்னப் பையனா இருக்கே.

— நானும் ஈப்போ புலின்னா...

— ரெண்டு காலோட இருப்பான்னு நெனச்சியா?

— ஐயோ மாதாவே, அப்படி இல்லண்ணே!

— சும்மா சொன்னேன். என் பேரு சதாசிவம். புலி எல்லாம் காத்துல பேசறதுக்கு வச்ச பேருதானே. எப்படி வீட்டக் கண்டுபுடிச்சே?

— புந்தோங்ல ஒவ்வொரு கடையா கேட்டேன். எஸ்டேட்ல விழுந்து கால் போன அண்ணன் யாருன்னு. மூணு வாரமாச்சு.

— இவ்வளவு தேடி வந்திருக்கேன்னா, சொல்றதுக்கு ஏதோ இருக்கு.

— அன்னிக்கு ஞாயித்துக்கெழம நரி வேட்டை வெளையாட்டுல நீங்கதானே ஒளிஞ்சிருக்கிற நரி. நாங்க இருபது பேரு மோட்டார் சைக்கிள்ல தேடுறோம். நரி கா மணி நேரத்துக்கு ஒருக்கா ரேடியோவுல பேசணும், பொய் சொல்லி ஏமாத்தலாம், அதானே ரூலு...

— ரூலு எனக்கும் தெரியும். நீ என்னா செஞ்சே?

— கோப்பெங் ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தேன்ணே. உங்க கொரலு பக்கத்துல பேசற மாதிரி கேட்டுச்சு. 'பழைய எஸ்டேட்டு, ரப்பர் சீட்டு காயப்போடுற புகை வீடு, பலகை ஒடிஞ்சு விழுந்துட்டேன், எலும்பு வெளிய தெரியுது'ன்னு.

— ஆமா. ஒளிஞ்சிருந்த எடத்த நானே சொன்னேன். எந்த நரி சொல்லும்?

— வண்டியத் திருப்பிட்டேன்ணே. சத்தியமா! அப்ப ரேடியோவுல யாரோ சிரிச்சான். 'நல்லா நடிக்கிறான்லா'ன்னான். போன தடவை நரியா இருந்தவன் டயரு வெடிச்சு விழுந்துட்டேன்னு அழுது, நாங்க போயி ஏமாந்தோம்ல? அது எல்லாருக்கும் ஞாபகம் வந்துருச்சு. ஒருத்தன் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. 'ரயிலு சத்தம் கேக்குது, புலி தாசேக் பக்கம் இருக்கான்'னு ஒருத்தன் சொன்னான். எல்லா வண்டியும் தாசேக்குக்குப் போச்சு.

— ரயிலா? அங்க காக்கா சத்தந்தான் இருந்துச்சு.

— எனக்குத் தெரியும்ணே. ரயிலு சத்தம் எதுவும் கேக்கல. நெசமாத்தான் அழுவுறீங்கன்னு எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சும்?

— நானும் தாசேக்குக்குப் போனேன். நான் மட்டும் தனியா வந்து, நீங்க எந்திரிச்சு நின்னு சிரிச்சீங்கன்னா? 'மின்னல் ஏமாந்தான்'னு வருசம் பூரா சொல்லுவாங்க. அதுக்குத்தான்ணே. அந்த ஒண்ணுக்குத்தான்.

— ம்.

— திட்டுங்கண்ணே. அடிங்க.

— மறுநாள் காலையில கீரை பறிக்க வந்த செல்லாயி அக்கா பாத்துச்சு. அதுங்கிட்ட ரேடியோ இல்ல. முனகுற சத்தம் கேட்டு நேரா உள்ள வந்துருச்சு. ஒரு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா காலக் காப்பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.

— மொதல்ல சிரிச்சது யாருன்னு எல்லாரையும் கேட்டேன். ஆளாளுக்கு இன்னொருத்தன் பேரச் சொல்றான். மறு வாரமே எல்லாரும் பேர மாத்திக்கிட்டாங்க, சேனலும் மாத்தியாச்சு. உங்களப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. 

— அந்த எஸ்டேட்லதான் தம்பி நான் பொறந்தேன். வித்துட்டாங்கன்னதும் எங்க லயத்து வீட்டு ஆளுங்க கமுந்திங் பேக்டரிக்கு, சிங்கப்பூருக்குன்னு பிரிஞ்சு போயிட்டாங்க. அம்மா போன பொறவு பேச ஆளு ஏது? அந்த ரேடியோதான். வேலை விட்டு வந்து பட்டன அமுக்கி 'ஈப்போ புலி வந்தாச்சு'ன்னா, இருபது பேரு 'வா புலி, சாப்டியா'ன்னு கேப்பாங்க. ஒரு வருசம். ஒரு நாள் தவறினதில்ல.

— போலீஸ்ல சொல்லுங்கண்ணே. நான் சாட்சிக்கு வாரேன். எல்லார் பேரும் எழுதித் தாரேன்.

— இப்ப எந்தச் சேனல்ல பேசறாங்க?

— பதினேழு. சாயங்காலம் ஆறு மணிக்கு.

— அந்த அலமாரி மேல என் செட்டு இருக்கு, எடு. விழுந்ததுல மூலை ஒடஞ்சிருக்கு, ஆனா பேசும். பேட்டரி மட்டும் வாங்கியா.

— அவங்களத் திட்டப் போறீங்களா?

— எனக்கு ஒரு புதுப் பேரு யோசிச்சுச் சொல்லு. நல்ல பேரா. தைப்பிங்லருந்து ஈப்போவுக்குப் புதுசா வந்த ஆளுன்னு சொல்லிக்கிறேன்.

— அண்ணே, அவங்ககூடவா? வேணாம்ணே. கொரலக் கேட்டதுமே கண்டுபுடிச்சிருவாங்க.

— பேட்டரி தீர்ற வரைக்கும் கத்துனேன் தம்பி. அன்னிக்குக் கண்டுபுடிக்காத கொரலையா இப்ப கண்டுபுடிக்கப் போறாங்க?