ஆறாம் நம்பர் ஜோடி

— இந்த ஷூவும் வேணாங்க. நடக்கறப்போ நல்லாதான் இருக்குது. எறங்கறப்போ கட்டை விரல் முன்னாடி போய் இடிக்கும்.

— கடையில ஏதுக்கா எறக்கம்? சமதரையிலதானே நிக்கிறீங்க.

— முன்னங்காலை ஊனி முட்டியை மடக்கிப் பார்த்தேன். இடிக்குது.

— கில்லாடிதான்க்கா நீங்க! வர்றவங்க எல்லாம் கலரைப் பார்த்துட்டு பேக் பண்ணுன்றாங்க. எங்க ஓடறதுக்கு? கிரவுண்டா, ரோடா?

— மலையில.

— எந்த மலையில?

— வெள்ளப்பாறை மலை. ஞாயித்துக்கிழமை அங்க ஓட்டம் வச்சிருக்காங்க இல்லீங்களா, அதுக்குதான்... என்னங்க, எடுத்த பெட்டியைத் திரும்ப வச்சுட்டீங்க?

— ஒண்ணும் இல்லக்கா. இந்த ஞாயித்துக்கிழமைன்னா நாளே இல்லையே. புது ஷூவை மாட்டிக்கினு நேரா போட்டியில எறங்கினா கால் கொப்புளிச்சுப் போவும்.

— தெரியுங்க. பழசு நேத்துதான் போச்சு. சோல் பிரிஞ்சு வாயைப் பொளந்துடுச்சு. காலையில விழுப்புரத்துல தேடிட்டுதான் வர்றேன். அங்க வாக்கிங் போறவங்க ஷூதான் வச்சிருக்காங்க. திண்டிவனத்துல ஒரு கடையில மலைக்குன்னே வச்சிருக்காங்கன்னு சொன்னாங்க.

— வச்சிருக்கோம், வச்சிருக்கோம்! இதோ நிக்கிறாளே எங்க கலைமதி, இவ நச்சரிச்சுதான் மொதலாளி எறக்குனாரு. நான் லூர்துமேரி, பில்லு போடறவ. உன் பேரு இன்னாம்மா? எந்த ஊரு?

— சுஷ்மாங்க. சித்தாமூர் பக்கம்.

— நயினாரு வீடா?

— ஆமாங்க.

— ஜைனருங்க எறும்பை மிதிச்சாலே பாவம்னு ஒதுங்கிப் போற ஜனங்களாச்சே. நீ எப்படிம்மா ஓடறே?

— அதனாலதாங்க ரோட்டை விட்டுட்டு மலைக்குப் போயிட்டேன். வெயில் ஏறின பாறையில எறும்பு நிக்காது.

— ஏசுவே! கேட்டியாடி கலைமதி?

— லூர்துக்கா, நீங்க பில்லைப் பாருங்க. நான் இவங்களைப் பார்த்துக்கறேன். இந்தாங்க சுஷ்மாக்கா, இதைப் போடுங்க. அடியில பாருங்க, பல்லு நல்லா ஆழமா இருக்குது. சேறு, செம்மண்ணு, எதுல வச்சாலும் கும்முனு புடிக்கும்.

— அங்க சேறு ஏதுங்க? மொட்டைப் பாறை. பல்லு இவ்ளோ பெருசா இருந்தா முனை மட்டும்தான் பாறையில படும். வழுக்கிடும். பல்லு சின்னதா, ரப்பர் மெத்துன்னு இருக்கணும். பாறையோட சொரசொரப்புக்குள்ள போய் உக்காரணும்.

— மெத்து ரப்பர் உழைக்காதுக்கா. தார் ரோட்டுல ரெண்டு மாசம் ஓடினா மொழுக்குனு ஆயிடும்.

— ரோட்டுல போட மாட்டேன். அடிவாரம் வரைக்கும் செருப்புல போயி அங்க மாத்திக்குவேன். மேல் துணி கிழியாம இருந்தா போதும். ஏத்தம் பூரா காரை முள்ளு.

— இதெல்லாம் படிச்சதாக்கா?

— காலேஜுல பிஸிக்ஸ்தான் படிச்சேன். இது விழுந்து விழுந்து தெரிஞ்சுக்கினது.

— ஹஹ! நான் பல்லை ஒடச்சுக்கினு கத்துக்கினேன். பாருங்க, இதோ, பாதிப் பல்லு.

— அய்யோ! ... ஏங்க, மேல் தட்டுல சாம்பல் கலர்ல ஒரு ஜோடி இருக்குதே. பெட்டி தொறந்திருக்கே, அது. அதை எடுங்களேன்.

— எது? அதுவா?

— இங்கேருந்தே தெரியுது பாருங்க. சின்னப் பல்லு. விரல் கிட்ட கெட்டி ரப்பரை மடிச்சு மேல ஏத்தியிருக்காங்க. முள்ளு ஏறாது. என்ன நம்பருங்க?

— ஆறு.

— எனக்கும் ஆறுதான். குடுங்க, போட்டுப் பார்த்துடறேன். சாயங்காலம் ஆனா கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு பார்க்க இதுதான் நல்ல நேரம்.

— ம். இந்தாங்க.

— ரொம்ப லேசா இருக்குதுங்க. குதிகால் அசையவே இல்ல. முன்னாடி கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்குது. முறுக்கினா நடுவுல வளையல, விரல் மடங்கற எடத்துல மட்டும் வளையுது. இதைத்தாங்க தேடிக்கினு இருந்தேன்.

— அக்கா... அதுல தோல் இருக்குது.

— தோலா?

— மாட்டுத் தோல். லேஸுக்கு அடியில நாக்கு இருக்குதில்ல, அதுக்குள்ள வச்சு தச்சிருக்கான். வெளியில தெரியாது. நயினாரு வீடுன்னு சொன்னீங்களேன்னுதான் சொல்றேன். பின்னாடி தெரிஞ்சு சங்கடப்படக் கூடாது பாருங்க.

— ஓ.

— வேணாம்தானே?

— வேணாங்க. கழட்டிட்டேன். இந்தாங்க, பெட்டியிலயே வச்சுடுங்க.

— நீங்க உக்காருங்கக்கா. குடோன்ல வேற ஏதாச்சும் இருக்குதான்னு பார்த்துட்டு வந்துடறேன்.

— ஏண்டி, நில்லு. குடோனுக்குள்ள வந்து இன்னா உருட்டறே?

— ஆறாம் நம்பர் தேடறேன் லூர்துக்கா.

— அந்த சாம்பல் ஜோடியில எங்கடி தோல் இருக்குது?

— மெதுவா பேசுக்கா. வெளியில கேக்கும்.

— கேக்கட்டும். இல்லாத தோலை இருக்குதுன்னியே, எதுக்கு?

— அது எனக்குன்னு ஒதுக்கி வச்சது. ஆறாம் நம்பர்ல வந்ததே ஒண்ணுதான். சம்பளம் வந்ததும் எடுத்துக்கலாம்னு இருந்தேன்.

— எனக்கு வேணும், விக்கிறதுக்கில்லன்னு நேரா சொல்றதுக்கு இன்னா?

— மொதலாளி காதுல விழுந்தா கத்துவாரு. தட்டுல இருக்கிறதை கஸ்டமர் கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரில்ல.

— மொதலாளி இங்கயா இருக்காரு? உண்மையைச் சொல்லுடி.

— அவங்களும் அதே ஓட்டத்துக்குதான் வர்றாங்கக்கா. போன வருஷம் மொதல்ல வந்ததுக்கு எனக்கு ஒரு கப்பைக் குடுத்து அனுப்பிட்டாங்க. இந்த வருஷம் மொதல்ல வர்ற பொண்ணை இமயமலை ஓட்டத்துக்குக் கூட்டிக்கினு போறாங்க. ஒரே ஒரு பொண்ணு. நான் ரயில்ல காட்பாடியைத் தாண்டினதில்ல.

— அந்தப் பொண்ணு பூனை மாதிரி பேசுது. அதைப் பார்த்தா பயந்தே?

— தட்டு மேல இருந்த ஷூவோட சோலைத் தரையில உக்காந்துகினே படிச்சாங்க பாருங்க. அப்பவே பெட்டியை மூடி வச்சிருக்கணும்.

— தோல்னு சொன்னா தொடாதுன்னு தெரிஞ்சுதான் சொல்லியிருக்கே.

— ஆமா.

— பேஜாரு புடிச்சவளே. போ, ஜல்தி போ. அது தனியா உக்காந்துகினு இருக்குது.

— சுஷ்மாக்கா, இந்த நீலம் கெடைச்சுது. ஆறரைதான். கெட்டியா ஒரு சாக்ஸ் போட்டா சரியாப் போயிடும்.

— பார்க்கறேன்... குதிகால் கொஞ்சம் எழும்புதுங்க.

— மேல் ஓட்டையில லேஸை வளையமா விட்டு, அந்தப் பக்கத்து லேஸை அதுக்குள்ள கோத்து இழுத்துடுங்க. குதிகால் பூட்டிக்கும்.

— பூட்டினா கழட்ட நேரமாகுமே.

— நடு ஓட்டத்துல எதுக்குக்கா கழட்டறீங்க?

— இருக்குதுங்க ஒரு எடம். இங்க சாய்வா ஏதாவது இருக்குங்களா? எறங்கிப் பார்க்கணும்.

— வாசல்ல பலகை சாச்சு வச்சிருக்குது பாருங்க, லோடு எறக்கறது. அதுல எறங்குங்க. அய்யய்யோ, குதிகாலை ஊனாதீங்க! ஊனினா வழுக்கிக்கினு போவும். சின்னச் சின்ன அடியா, தட்டித் தட்டி வரணும். இருங்க, நான் காட்டறேன். இப்படி.

— இன்னொரு வாட்டி எறங்குங்க.

— ஏன்க்கா?

— எறங்குங்களேன்.

— இதோ. போதுமா? ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— போன வருஷம் பச்சை பனியன் போட்டுக்கினு ஓடினது நீங்கதானா?

— அது... ஆமாக்கா.

— நீங்கதான்! முகத்தைப் பார்க்கலங்க, முதுகைத்தான் பார்த்தேன். மேல் பாறையிலேருந்து நீங்க எறங்கிப் போனீங்க. மழைத் தண்ணி பாறையில எறங்குமே, அந்த மாதிரி. எங்க கால் வைக்கலாம்னு நீங்க தேடவே இல்ல. நான் ஓட்டத்தையே மறந்துட்டு நின்னுட்டேன். வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட தோத்ததைச் சொல்லல, உங்களைத்தான் சொன்னேன். இன்னைக்கி ஒரு பொண்ணு மலையை எறங்கிச்சும்மா, நீ பார்த்திருக்கணும்னு. அதுலேருந்து அந்த மாதிரி எறங்கத்தான் பழகிக்கினு இருக்கேன். வரவே மாட்டேங்குது.

— சுஷ்மாக்கா, மேல் பாறையில வெள்ளைத் தொப்பி போட்டுக்கினு குனிஞ்சு இருந்தது நீங்களா?

— நான்தாங்க.

— நீங்களா அது! ஏத்தம் பூரா உங்க தொப்பியைப் பார்த்துக்கினேதான் ஏறினேன். நான் நாய் மாதிரி இளைக்கிறேன், நீங்க வீட்டுப் படி ஏறற மாதிரி ஏறிக்கினே போறீங்க. ஒரு எடத்துல கூட கையை முட்டியில ஊனல. இதெல்லாம் மனுச ஜென்மம்தானான்னு நெனச்சேன். மேல வந்து பார்த்தா குனிஞ்சுகினு இருக்கீங்க. லேஸ் அவுந்துடுச்சு போலன்னு தாண்டிப் போயிட்டேன்.

— லேஸ் அவுரலங்க. நான்தான் அவுத்தேன்.

— எதுக்கு?

— அந்தப் பாறையோட பக்கத்துல தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்குது. ஓட்டப் பாதையிலேருந்து தெரியாது, சரிவுல இருக்குது. எங்க ஜனங்க வருஷா வருஷம் அங்க பூசை பண்ணுவோம். அந்தப் பாறை மேல செருப்புக் காலோட ஏற மாட்டோம். கழட்டிக் கையில எடுத்துக்கினு, அந்தாண்ட போய் மாட்டிக்குவேன்.

— வெறுங்காலோடயா? மத்தியானம் ஆனா தோசைக்கல்லு மாதிரி இருக்குமேக்கா!

— இருக்கும்.

— ஓடினீங்களா?

— இல்லீங்க. அங்க நடந்துதான் போனேன். ஓடணும்னு தோணல.

— நாங்க எல்லாரும் ஷூவோட திமுதிமுன்னு மிதிச்சுக்கினு போனோமே. கோவம் வரலையா? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க போர்டா வச்சிருக்குது? பாதையை மாத்துங்கன்னு நடத்தறவங்ககிட்ட கேக்கலாம்னு போனேன். கூச்சமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன்.

— அன்னைக்கி கழட்டாம போயிருந்தா நீங்கதான் மொதல்ல வந்திருப்பீங்க.

— எறக்கத்துல நீங்க புடிச்சிருப்பீங்க.

— இல்லக்கா. புடிச்சிருக்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

— விடுங்க.

— இந்த வருஷமும் கழட்டுவீங்களா?

— ஆமாங்க. அதான் ஜல்தியா கழட்டி மாட்டற மாதிரி பார்க்கறேன்.

— இமயமலைக்குக் கூட்டிக்கினு போறாங்க. தெரியும்தானே?

— தெரியும். அதுக்குதான் அப்பா இந்த ஒரு வாட்டி விட்டிருக்காரு. இதுக்கப்புறம் ஓட்டம் கெடையாதுன்னுட்டாரு. பனியைத் தொட்டுப் பார்க்கணும்னு சின்னதுலேருந்து ஆசை. சரிங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிட மாட்டோம், அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும். இந்த நீலத்தையே குடுத்துடுங்க. சாக்ஸ் போட்டுச் சமாளிச்சுக்கறேன்.

— கலைமதி, அப்போ நீலத்துக்கு பில்லு போட்டுடட்டுமா? ஏண்டி, உன்னைத்தான் கேக்கறேன்.

— போடாதீங்க லூர்துக்கா. இருங்க... சுஷ்மாக்கா.

— சொல்லுங்க.

— அந்த சாம்பல் ஜோடியில தோல் இல்ல.

— ம்.

— துளி கூட இல்ல. துணியும் ரப்பரும்தான். எனக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். நீங்க போட்டதும் உங்களுக்கே செஞ்ச மாதிரி இருந்துச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

— தெரியுங்க.

— இன்னா தெரியும்?

— நாக்குக்கு உள்பக்கம் லேபிள் ஒட்டியிருக்குது. தோல்னா, தோலை விரிச்சுப் போட்ட மாதிரி படம் போட்டிருப்பாங்க. இதுல துணிக்குப் போடற வலைப் படம்தான் இருந்துச்சு. எந்த ஷூவை எடுத்தாலும் நாங்க மொதல்ல பார்க்கிறதே அதைத்தான்.

— போட்டுப் பார்க்கறப்பவே தெரியுமா?

— தெரியும். லேஸும் மேல் ஓட்டையில பூட்டி இருந்துச்சு. யாரோ தன் காலுக்குப் போட்டுப் பார்த்து ஆசையா வச்சதுன்னு புரிஞ்சுது. அது நீங்கன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

— அப்புறம் ஏன்க்கா கழட்டினீங்க? கடையில இருக்கிற சரக்குதானே. பொய் சொல்றியேடின்னு ஒரு அறை விட்டுட்டு, காசை வச்சுட்டு எடுத்துக்கினு போயிருக்கலாமே!

— காசு கடைக்குப் போவும். நீங்க குடுக்கலையே. குடுக்காததை எடுத்துக்கறது எங்க வீட்டுல இல்லீங்க.