கிண்ணத்தோடு சேர்த்து

காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் சீருடையோடு இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"கிண்ணம் இன்னா வெயிட்டுன்னு தெரியாம அந்த பிரெட்டு வராதுக்கா."

"எந்த பிரெட்டு?"

"முந்திரி, பேரீச்சம்பழம் போட்டு ஹாஸ்டல்ல நானும் செல்வியும் சுடுவோமே, அதான். ஞாயித்துக்கெழம சுட்டா மாடி மொத்தமும் எங்க ரூம் வாசல்ல வந்து நிக்கும். நேத்து வூட்ல பழைய நோட்ட பாத்து அறுநூறு கிராம் மாவு போட்டேன். கல்லாட்டம் வந்துச்சு."

"கிண்ணத்த வெச்சிட்டு தராச ஜீரோ பண்ணியா?"

"பண்ணேன், அதான் தப்பு. ரூம் தராசுல ஜீரோ பட்டன் வேல செய்யாது. கிண்ணத்தோட சேத்து நிறுத்துதான் எழுதி வெச்சோம்."

மூத்தவள் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் குவாலிட்டி செக்கிங்கு வேற! கிண்ணம் எங்க?"

"கல்யாணமாகி தென்காசி போவும்போது அவதான் எடுத்துக்கினு போனா."

"அப்ப அவளயே கேளு."

"பேசியே ஒரு வருஷம் ஆவுதுக்கா."

இளையவள் போனை எடுத்து, நம்பரைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"செல்வி, நம்ம சில்வர் கிண்ணம் வெறுங்கிண்ணமா இன்னா வெயிட்டுடி?"

"நூத்தி எம்பது கிராம்," என்றது மறுமுனை, யோசிக்காமல்.

"எப்பிடிடி ஒடனே சொல்ற?"

"நானும் இங்கன ஒரு கல்லு சுட்டுட்டுத்தான் நிறுத்துப் பாத்தேன்."

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"அங்க நீயும் தனியா சுட்டுக்கிட்டிருப்பன்னு எனக்கு எப்பிடிட்டி தெரியும்?"