கனெமிச்சிக்கு நானூற்றுப் பன்னிரண்டு வோட்டு

— மேனுஷா, இன்னொருக்கா அமத்திப் பாருங்க. இந்த மாச ரசிகர் வோட்டுல நம்ம கனெமிச்சி மொதலாவதுன்னு நெசமாவே போட்டிருக்கா?

— மூனு தரம் பாத்துட்டேன் இந்திரஜித். நானூத்திப் பன்னெண்டு வோட்டு. அவரு ஆடுற ஜப்பான் ஃபுட்போல் கிளப்போட கேப்டனுக்கே இருநூத்திச் சொச்சந்தான்.

— அடேங்கப்பா. போன மாசம் கடைசியில கெடந்த மனுசன்.

— போன மாசம் ஒரே ஒரு வோட்டு. அதுவும் நீங்க போட்டது. பெத்த தாய்கூட போடல போல.

— சிரிங்க, சிரிங்க. எங்க ஸ்பிரிங்வெளி தேயிலத் தோட்டத்துல இப்ப அவரத் தெரியாத லயத்து வீடே இல்ல. கொப்பியும் படமுமா வீடு வீடா ஏறி எறங்கினேன். வேலாயி அக்கா படத்தப் பாத்துட்டு, “பாவம், வயித்துக்குச் சாப்பிடாத மொகமா இருக்கு, எம்பேரையும் எழுதிக்க தம்பி”ன்னுச்சு.

— அத்தன பேரையும் கம்ப்யூட்டர்ல உக்காந்து அடிச்சவ நானு. வெரல் வீங்கிப்போச்சு. இந்த வருசம் ஒரு கோல்கூட போடாத ஃபோர்வர்டுக்கு இவ்வளவு மவுசா?

— கோல் கெடக்குது விடுங்க. கீழ விழுந்த எதிர்ப்பக்கத்து ஆளுக்கும் கை குடுத்துத் தூக்கிவிடுறாரே, அத யாரு செய்யிறா?

— சரி, ஆடாம உக்காருங்க. கிளப்புல இருந்து ஒரு மெயில் வந்திருக்கு. எப்படிச் சொல்றதுன்னு காலையில இருந்து முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

— என்னவாம்?

— அத்தன வோட்டும் ஒரே அட்ரசாம். யாரோ ஒருத்தன் கள்ள வோட்டு போட்டிருக்கான்னு நெனைக்கிறாங்க. இன்னைக்கே வெளக்கம் குடுக்கலன்னா எல்லாத்தையும் வெட்டிருவாங்களாம்.

— ஐயோ, லயத்துக்கு எங்கங்க தபால் வருது? மொத்தத் தோட்டத்துக்கும் ஆபீஸ் அட்ரஸ் ஒன்னுதானே.

— ஜப்பான்காரங்களுக்கு அது தெரியுமா?

— எழுதுங்க மேனுஷா, லைன் கட்டாகுறதுக்கு முன்ன எழுதுங்க. காயிதமெல்லாம் ஆபீசுக்கு வரும், காலையில பெரட்டுல வேல பிரிக்கிறப்ப பேர் கூப்பிட்டுக் குடுப்பாங்கன்னு எழுதுங்க. எல்லாம் நெசமான ஆளுங்கன்னு எழுதுங்க.

— இப்படிப் பதறுறீங்களே. யாரோ ஒரு ஜப்பான்காரருக்காகவா இவ்வளவு?

— அவருக்காக மட்டும் இல்லங்க. இது இதோட முடிஞ்சுதுன்னா, ஞாயித்துக்கெழமையானா பஸ் ஏறி பதுளைக்கு, ஒங்க அப்பாவோட கொமியூனிகேஷன் கடைக்கு வர்றதுக்கு எனக்கு என்ன சாக்கு இருக்கு?

— அந்தக் கொப்பிய இப்படித் தாங்க.

— தப்பா சொல்லிட்டேனா?

— ஒங்க கொப்பியில மொத்தம் எத்தன பேரு?

— என்னையும் சேத்து நானூத்திப் பதினொன்னு.

— வோட்டு நானூத்திப் பன்னெண்டு.

— அப்ப ஒன்னு கள்ள வோட்டா? போச்சு, மாட்டிக்கிட்டோம். பேரு என்னன்னு பாருங்க.

— மேனுஷா இந்திரஜித், ஸ்பிரிங்வெளி தோட்டம்.

— எங்க தோட்டத்துல அப்படி யாருமே இல்லியே.

— இன்னும் வரல. அப்பா உள்ளதான் கணக்குப் பாத்துக்கிட்டு இருக்காரு, போயி பேசுங்க. நான் அதுக்குள்ள மெயில அடிச்சு முடிக்கிறேன்.