டைகர் ஏன் நொண்டியது

என் பெயர் எஸ்தர். வயது 56. தகப்பனார் பெயர் தேவசகாயம், காலமாகிவிட்டார். சமயநல்லூர் தபால் ஆபீஸ் தெருவில் சொந்த வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். திருமணம் ஆகவில்லை. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காக வேலை பார்க்கிறேன். எனக்குப் பின்வீட்டில் குடியிருக்கும் பீமாராவ் என்பவரின் வாசல் கதவை உடைத்து உள்ளே நுழைந்ததாக, அவருடைய அக்காள் மகன் மருது கொடுத்த புகாரின் பேரில் இன்று என்னை போலீஸ் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். கதவை உடைக்கச் சொன்னது நான்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மேற்படி பீமாராவ் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. அவர் கொல்லைக்கும் என் கொல்லைக்கும் நடுவே ஒரே சுவர். அவர் வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி சுவர் ஏறி என் துணிக்கொடி வரைக்கும் வந்ததில், நாலு வருடத்துக்கு முன்பு எங்களுக்குள் வாய்த்தகராறு ஆனது. நான் ஒரு வார்த்தை கூடுதலாகத்தான் பேசினேன். அவர் மறுநாளே மரத்தை வெட்டிவிட்டார். வெட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அதன் பின்பு எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் வாசல் இருக்கும் தெருவுக்கு நான் போவதும் இல்லை, பஸ்ஸுக்குச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

என்னிடம் ஒரு நாய் உண்டு. தெருவில் கிடந்ததை எடுத்து வளர்த்தேன். பெயர் டைகர். பேருக்குத்தான் டைகர், பல்லியைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடும். காலையில் என் வீட்டில் சாப்பிடும். இருட்டியதும் வெளியே போய்விடும், தெருவைக் காவல் காக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் ராத்திரி, "செல்லம், சாப்புட்டியா? இன்னும் கொஞ்சம் சாப்புடு" என்று பீமாராவின் குரல் கேட்கும். சொந்தத்தில் ஏதோ பேரப்பிள்ளையோடு போனில் பேசுகிறார் என்று நினைப்பேன். அவருக்காவது பேச ஒரு ஆள் இருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்திருக்கிறது. இந்த வரி வேண்டியதில்லை என்று இதை எழுதுகிற ஏட்டையா சொன்னார். வேண்டும் என்று சொன்னேன், எழுதினார்.

சென்ற புதன்கிழமை ராத்திரி டைகர் விடாமல் குரைத்தது. வேறு தெரு நாய் வந்திருக்கும் என்று, "சும்மா கெட" என்று மாடியிலிருந்து அதட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் வந்து நின்றபோது அது வலது முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. தொட்டால் இழுத்துக்கொண்டது. வைத்த இட்லியை மோந்துகூடப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுப் பையன் காளை எப்போதும் பைக்கை முறுக்கிக்கொண்டு வருகிறவன் என்பதால், அவன்தான் ஏற்றியிருப்பான் என்று முடிவு செய்து, அவன் வாசலில் நின்று சத்தம் போட்டேன். "யக்கா, சத்தியமா நான் இல்லக்கா. வண்டி ரெண்டு நாளா பஞ்சராகி நிக்கிது, வேணும்னா வந்து பாருங்க" என்றான். பார்த்தேன். டயரில் காற்று இல்லை. இருந்தாலும் கோபம் இறங்கவில்லை. "இன்னைக்கி நீ இல்லேன்னா நாளைக்கி நீதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பின்பு பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டரம்மா காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, முள்ளும் இல்லை என்றார். பாதத்தை விரித்துக் காட்டினார். இரண்டு முன்னங்காலிலும் நகங்கள் பிளந்திருந்தன. வலது காலில் வேரோடு பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. விரலிடுக்கில் பச்சைப் பெயிண்ட் பொருக்கு ஒட்டியிருந்தது. "இது யாரும் அடிச்சது இல்லம்மா. எதையோ விடாம பிறாண்டியிருக்கு. உங்க வீட்டுக் கதவு பச்சையா?" என்று கேட்டார். என் வீட்டுக் கதவு ஊதா. அது பிறாண்டுவதற்கு முன்பே நான் திறந்துவிடுவேன்.

திரும்பி வந்து தெருமுனையில் இறங்கியதும் நாய் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நொண்டிக்கொண்டே நான் போகாத அந்தத் தெருவுக்குள் திரும்பியது. நானும் பின்னால் போனேன். பீமாராவ் வீட்டு வாசலில் போய் நின்றது. அந்தக் கதவு பச்சை என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். கீழ்ப்பாதியில் பெயிண்ட் உரிந்து மரம் வெளுப்பாகத் தெரிந்தது, கோடு கோடாக ரத்தம் காய்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாய் அந்தக் காலைத் தூக்கி மறுபடியும் கதவில் வைத்தது.

"பீமாராவ் சார்" என்று கூப்பிட்டேன். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவருடைய சொந்தக்காரர் நம்பர் அக்கம்பக்கத்தில் யாரிடமும் இல்லை. அதன் பின்பு, காலையில் திட்டிய காளையையே போய்க் கூப்பிட்டேன். "யக்கா, போலீஸ் கேஸாயிரும்க்கா" என்றான். "ஆனா ஆகட்டும், நான் பாத்துக்கிறேன், நீ நெம்பு" என்றேன். கடப்பாரையால் நெம்பினான். காளை மேல் எந்தத் தப்பும் இல்லை.

பீமாராவ் அடுப்படி வாசலில் கீழே கிடந்தார். கண் திறந்திருந்தது. ஒரு பக்கம் அசைவில்லை, வாய் கோணியிருந்தது. பக்கத்தில் அலுமினியத் தட்டில் பிசைந்து வைத்த தயிர்ச்சோறு புளித்துப்போயிருந்தது. கட்டில் ஓரத்தில் பழைய வேட்டி ஒன்று மடித்து விரித்திருந்தது, அதில் முழுக்க டைகரின் செம்பட்டை முடி. நாய் ஓடிப்போய் அவர் முகத்தை நக்கியது. அவர் வாயிலிருந்து குழறலாக "செல்லம்" என்று வந்தது. போனில் யாரும் இல்லை. இத்தனை நாளும் ராத்திரி அவர் பேசியது என் நாயோடு.

108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். "பின்வீடு" என்றேன். ஏட்டையாவும் இன்று அதையே கேட்டார். உறவு எதுவும் இல்லை. ஒரே நாய்க்கு இரண்டு பேரும் சோறு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பீமாராவின் போனில் இருந்த நம்பரைப் பார்த்து ஆஸ்பத்திரியில் தகவல் சொன்னதில், மறுநாள் கொட்டாம்பட்டியிலிருந்து மருது வந்தார். அவர் சந்தேகப்படுகிறபடி அந்த வீட்டில் எந்தப் பொருளையும் நான் எடுக்கவில்லை. தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பீமாராவ் பிழைத்துக்கொள்வாராம், பேச்சு முழுதாக வருமா என்று தெரியாதாம். அவரைத் தன்னோடு கூட்டிப்போய்விட்டு வீட்டைப் பூட்டப்போவதாக மருது சொன்னார். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. சொல்வதற்கு நான் யார் என்று விட்டுவிட்டேன்.

உடைந்த கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாய் அங்கேதான் கிடக்கிறது. டைகர் என்று கூப்பிட்டால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. நேற்று கொல்லைச் சுவர் ஓரம் நின்று, "செல்லம், சாப்புட்டியா?" என்று கேட்டேன். நொண்டிக்கொண்டே சுற்றி வந்தது.

தனியாக இருக்கிற பெண் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும் என்று ஏட்டையா புத்தி சொன்னார். இத்தனை வருடம் போட்டேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து போடுவதில்லை. எனக்கு ஒன்று என்றால் பிறாண்டுவதற்கு அந்த நாய்க்கு இப்போது நகம் இல்லை.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி வாசித்துக் காட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். இதில் உள்ளது அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல.

(ஒப்பம்)
தே. எஸ்தர்