ஐஸ் இயந்திரத்துக்குள் இருந்து நான் கொடுக்காத பதில்

எனது பெயர் தவராசா சிந்துஜன். வயது 34. பாலையூற்றில் மனைவியுடன் வசிக்கிறேன். சீனக்குடாவுக்கு அருகிலுள்ள மீன் பதனிடும் தொழிற்சாலையில் ஆறு வருடங்களாக வேலை செய்கிறேன். வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து முழு நினைவுடன் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஐஸ் அரைக்கும் இயந்திரத்தின் வாய் சுவருக்கு ஒரு பக்கமும் அதை ஓடவிடும் ஆளி மறுபக்கமும் உள்ளன. ஆளியைப் போடுபவர் "ஆள் இருக்கா?" என்று கேட்பார், வாய்ப் பக்கம் உள்ளே நிற்பவர் "ஓம், நில்லுங்கோ" என்பார். பதில் வராவிட்டால் இயந்திரம் ஓடும். பீகாரில் இருந்து ஐந்து மாதங்களுக்கு முன் வேலைக்கு வந்த ராம்பிரவேஷ் முதலில் படித்த தமிழ் இதுதான்.

பிரதேச சபைத் தேர்தல் கூட்டமொன்றில், வெளியாட்கள் எங்கள் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று பேசினார்கள். நானும் கை தட்டினேன். அதன் பின்னர் ராம்பிரவேஷுடன் ஒருவரும் கதைப்பதில்லை என்று எங்கள் பகுதியில் முடிவாகியது. அவர் சாப்பாட்டு அறைக்கு வருவதை நிறுத்தி, மீன் பெட்டிகளின் மேல் இருந்து சாப்பிட்டார். உள்ளே இருந்து பதில் சொல்வதையும் நாங்கள் விட்டுவிட்டோம். அதனால் அவர் ஒவ்வொரு தடவையும் சுவரைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்த பின்னரே ஆளியைப் போட்டார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், வாயில் அடைத்திருந்த ஐஸ் கட்டியை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே லொறி காத்து நின்றது. சுவருக்கு மறுபக்கம் மேற்பார்வையாளர் முனாஸ் ராம்பிரவேஷை, "ஒவ்வொரு முறையும் என்ன நடை? கெதியாப் போடும்" என்று ஏசியது கேட்டது. அதன் பின்னர் ராம்பிரவேஷ் "ஆள் இருக்கா?" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். வந்து பார்க்கட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. இயந்திரம் ஓடியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. என் சத்தம் கேட்டு இயந்திரத்தை நிறுத்தியவரும், ஓடி வந்து தன் சேர்ட்டைக் கழற்றி என் கையைச் சுற்றியவரும் அவர்தான்.

நேற்று நிர்வாகத்தில் இருந்து இருவர் வந்து, ராம்பிரவேஷ் கூப்பிடாமல் ஆளியைப் போட்டதாகச் சொல்லும்படியும், அப்படிச் சொன்னால் அவரை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றும் கூறினார்கள். என்னுடன் வேலை செய்யும் தங்கரத்தினம், "சொல்லிப்போட்டு விடும். உம்மட கையைப் போக்கினவன்தானே" என்றார். ராம்பிரவேஷ் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொல்ல ஏலாது. போனது என் விரல்கள். ஆனால் அவர் கூப்பிட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது.

இந்த வாக்குமூலத்தை எழுதிய பொலிஸ் சார்ஜன்ட் இதை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே உள்ளது, மாற்ற எதுவும் இல்லை. வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் அடையாளம் இடுகிறேன்.