கறுப்புச் சரிவுக்கு ஒரு திட்டம்

— அந்தக் கறுப்புச் சரிவு வேணாம்னு சொன்னாக் கேளு ஒடீலியா, நாளைக்குப் பனிச்சரிவு அபாயம் அஞ்சுக்கு மூணுன்னு ரேடியோவுல இப்பத்தான்—

— மூணுதானே, நாலு இல்லையே! போன வாரம் அந்த ஜெர்மன்காரங்களை மூணுலதானே கூட்டிட்டுப் போனே?

— அது தெக்குப் பக்கம். இது வடக்கு. காத்து கொண்டாந்து கொட்டின பனி, அடியில பிடிப்பே கிடையாது. சுத்துவழியில போலாம். மேல இருக்கற மலைக்குடிலுக்கு ஒரு மணி நேரம்தான் கூட.

— ரெமிகி சுத்துவழியில சாகலை.

— சொன்னாக் கேளு...

— பத்து வருஷம் ஆச்சு அம்புரோஸ். எனக்கு முதல் புருஷன், உனக்குக் கூட்டாளி. ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினீங்க. நீ இறங்கி வந்தே. அவன் விழுந்த இடத்துல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தணும். நீ வரலைன்னா நான் தனியாப் போறேன்.

— கழுதைக்குப் பிறந்த பிடிவாதம். சரி, எழுதிக்கோ. நாலு மணிக்குக் கிளம்பறோம். வெயில் ஏறினா மேல் விளிம்பு இளகிடும். ஒன்பதுக்குள்ள சரிவைத் தாண்டலைன்னா திரும்பறோம். ஒன்பதுன்னா ஒன்பது.

— எழுதிக்கறேன். மண்வெட்டி ரெண்டு, பனியில குத்தித் தேடற கோல் ரெண்டு. ஸ்கீக்கு அடியில ஒட்டற தோல், ரெண்டு ஜோடி. கறுப்பு ரொட்டி, காஞ்ச இறைச்சி, டீ.

— டீயில சர்க்கரை போடு. போன தடவை கஷாயம் கொண்டாந்தே.

— உன் நாக்குக்கு ஒரு குறையும் வராது. சரிவுல எப்படி?

— ஒருத்தர் ஒருத்தரா. நான் தாண்டி நின்னு கை காட்டினப்புறம் நீ.

— அப்பப் பனி சரிஞ்சு என்னை மூடிடுச்சுன்னா?

— வாயைக் கழுவு.

— திட்டம்னா கெட்டதையும் எழுதணும்னு சொல்றவன் நீதானே. நான் அடியில கிடக்கேன். என் நெஞ்சுல கட்டின கருவி ‘இங்க இருக்கேன், இங்க இருக்கேன்’னு கத்தும். உன்னோடதும் கத்தும். குடில்லேருந்து ஓடி வர்றவங்களுக்கு நீ இருக்கிற இடமும் தெரியணுமே? அதனால உன்னோடதை அப்படியே கத்த விட்டுடு. எழுதிக்கறேன்.

— அழி! அந்த வரியை முதல்ல அடிச்சு விடு! ரெண்டு வழிகாட்டிகளுக்கு வாக்கப்பட்டவ, இது தெரியாதா உனக்கு? கத்தற கருவிக்குக் காது கேக்காது! கத்தறதை நிறுத்தி, தேடற பக்கம் திருப்பினாத்தான் உன் சத்தம் அதுக்கு விழும்!

— திருப்பலைன்னா என்ன, கொஞ்ச நேரம் போகும்.

— கொஞ்ச நேரமா? பதினோரு நிமிஷம்! செவிட்டுக் கருவியைக் கையில வெச்சுக்கிட்டு, அவன் தலைமேலயே நடந்து நடந்து...

— அவனா? புதைஞ்சவ நானில்லையா?

— ... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— பேச்சுக்குச் சொல்றவன் பத்துன்னு சொல்லுவான், கால் மணின்னு சொல்லுவான்.

— பென்சிலைக் கீழ வை.

— ரெமிகி கருவியை முடுக்கவே மறந்துட்டான், தோண்டினப்போ அணைஞ்சு கிடந்துச்சுன்னு விசாரணையில சொன்னியே. வழிகாட்டிகள் சங்கத்துச் சுவத்துல செத்தவங்க பேர் எல்லாம் இருக்கு, அவன் பேர் மட்டும் இல்ல. ‘கவனக்கெட்டவனைப் பெத்தவ’ன்னு பேர் வாங்கி, கோயில்ல கடைசி பெஞ்சுக்குப் போனா அவங்கம்மா. அங்கேருந்துதான் கல்லறைக்கும் போனா.

— மூளை மரத்துப்போச்சு ஒடீலியா. பனியில கத்திக்கிட்டு அலைஞ்சேன், கருவியைத் திருப்பணும்னு தோணவேயில்ல. குடில்காரனோட நாய்தான் வந்து பறிச்சுக் காட்டுச்சு. ரெமிகி நெஞ்சுக்கிட்ட முதல்ல கை விட்டது நான். அவன் கருவி அப்பவும் கத்திட்டே இருந்துச்சு. அணைச்சுட்டேன். கத்தற கருவியை ஏன் கண்டுபிடிக்கலைன்னு கேட்டு, சட்டையில குத்தின வழிகாட்டி வில்லையைப் பிடுங்கிடுவாங்களேன்னு பயம். அவன் உசிரு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு, மாதா மேல சத்தியம்.

— எழுதிக்கறேன்.

— எதுக்கு எழுதறே?

— நாளைக்கு மத்தியானம் குடில்ல சங்கத்துக்காரங்க அத்தனை பேரும் வருஷச் சூப்பு விருந்துக்கு உக்காந்திருப்பாங்க. நீ எந்திரிச்சு நின்னு இதைப் படிக்கறே. சுத்துவழியிலயே போலாம். நீ பத்திரமா வந்து சேரணும்.

— கண்ணு, இன்னிக்குத்தான் உன் காதுல விழுது, கோவம் வரத்தான் செய்யும். ஒன்பது வருஷம் என்னோட குடித்தனம் பண்ணியிருக்கே, அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு—

— இன்னிக்கா? அன்னிக்கு விடியக்காலையில வாசல்ல அவன் கருவியை முடுக்கி, கத்துதான்னு காதை வெச்சுக் கேட்டு, மேல சட்டைக்குப் பொத்தான் போட்டு அனுப்பினவ நான். அதை அணைச்சது இந்தக் கைதானான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் அம்புரோஸ், ஒன்பது வருஷமா இதைப் பிடிச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன்.